படங்கு கட்டாமல் மலைக்குப் போவோமா?

(தோட்டக் கமிட்டித் தலைவர்கள், தலைவிகள், இளைஞர் அணியினருக்காக நடந்த சங்கக் கல்வி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



சம்பளம், வீடு, காணி என்று பேசுகிற இந்த இடத்தில் இன்று மோட்டார் சைக்கிளைப் பற்றிப் பேசப் போகிறோம். "சங்கத்துக்கு இதில் என்ன வேலை? அது பொலிஸ்காரர் பார்க்க வேண்டிய காரியம்தானே?" என்று சிலருக்குத் தோன்றலாம். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

நம்முடைய லயங்களை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். முன்பு ஒரு டிவிசனில் கணக்கப்பிள்ளையிடமும் கடைக்காரரிடமும் மட்டும் வண்டி இருந்தது. இன்றைக்கு லயத்துக்கு இரண்டு மூன்று நிற்கின்றன. தம்பி டவுனில் கடை வேலைக்கு அதில்தான் போகிறார். தங்கை ஆடைத் தொழிற்சாலைக்கு அண்ணன் பின்னால் ஏறிப் போகிறாள். கர்ப்பிணிப் பெண் கிளினிக்குக்குப் போவதும், காய்ச்சல் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதும், சமையல் எரிவாயுவும் அரிசி மூட்டையும் வீடு வந்து சேர்வதும் அதில்தான். பஸ் வராத டிவிசனுக்கு மோட்டார் சைக்கிள் வந்திருக்கிறது. அதனால் "வண்டி வாங்காதே" என்று சொல்ல நாங்கள் வரவில்லை. அது ஆடம்பரம் அல்ல. நமக்குக் கால்.

நாங்கள் சொல்ல வருவது வேறு. நம்முடைய அம்மாமார் காலையில் மலைக்குப் புறப்படும்போது என்ன செய்கிறார்கள்? இடுப்பில் படங்கு கட்டுகிறார்கள். தலைக்குத் துணி போட்டு, அதன்மேல் கூடைக் கயிற்றை மாட்டுகிறார்கள். அட்டை ஏறாமல் இருக்கக் காலில் சவர்க்காரம் பூசுகிறார்கள். தேயிலை வாது கிழிக்கும், பனி நனைக்கும், அட்டை கடிக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். "இன்றைக்கு மட்டும் படங்கு இல்லாமல் போய் வருகிறேன்" என்று யாரும் சொல்வதில்லை. மருந்து அடிக்கிறவர்களுக்குக் கையுறையும் முகமூடியும் சப்பாத்தும் கொடு என்று கேட்கிறோம். குளவிக் கொட்டிலிருந்து காப்பாற்ற ஏற்பாடு செய் என்று கேட்கிறோம். பாதுகாப்பு உடை என்றால் என்ன என்று நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. மலையில் நமக்குத் தெரிந்த அந்தக் காரியத்தை வீதிக்கும் கொண்டுவர வேண்டும். இன்றைய பேச்சு அவ்வளவுதான்.

இருபது அடி உயரம்

பாடசாலைக் கணக்கு ஒன்று பார்ப்போம். மணிக்கு 40 கிலோமீற்றர் வேகம் நம்முடைய பையன்களுக்கு ஒரு வேகமே அல்ல. ஆனால் அந்த வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்கு 11 மீற்றர் ஓடுகிறது. வளைவில் கொழுந்து லொறி வருவதைக் கண்டு, பிரேக்கில் கால் வைக்க ஒரு விநாடி ஆகிவிட்டால், அதற்குள் ஒரு லயத்து இரண்டு மூன்று காம்பராக்களின் நீளத்தைக் கடந்துவிடுகிறோம்.

அதே 40 கிலோமீற்றரில் போய் ஒரு மதகுக் கல்லிலோ மரத்திலோ தலை நேராக மோதினால், ஏறத்தாழ 20 அடி உயரத்திலிருந்து விழுந்த அடிக்கு அது சமம். தேயிலைத் தொழிற்சாலையின் மேல் மாடி ஜன்னலை நினைத்துக் கொள்ளுங்கள். அங்கிருந்து தலைகீழாகக் குதிக்கச் சொன்னால் யாராவது குதிப்பார்களா? 50 கிலோமீற்றர் என்றால் அந்த உயரம் 32 அடிக்கு ஏறிவிடும். வேகம் கொஞ்சம் கூடினாலும் அடி நிறையக் கூடும் என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது.

தலைக்கவசம் போட்டால் என்ன ஆகும்? பல நாடுகளில் நடந்த ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த மருத்துவ ஆய்வாளர்கள், விபத்தில் சிக்கியவர் சாகும் அபாயம் ஏறத்தாழ 42 சதவீதமும், தலையில் காயம்படும் அபாயம் ஏறத்தாழ 69 சதவீதமும் குறைவதாகக் கண்டிருக்கிறார்கள். முழுக்க இல்லாமல் போகும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் தலையில் அடிபட இருந்த பத்துப் பேரில் ஆறு ஏழு பேரைக் காப்பாற்றுகிற ஒரு பொருளை நாம் ஆணியில் மாட்டி வைத்துவிட்டுப் போகிறோம்.

இந்தத் தலைக்கவசத்தின் கதையும் தொழிலாளர்களோடு சம்பந்தப்பட்டதுதான். 1935 இல் இங்கிலாந்தில் 'அரேபியாவின் லோரன்ஸ்' என்று பேர்பெற்ற ரி. ஈ. லோரன்ஸ் மோட்டார் சைக்கிளில் போகும்போது, சைக்கிளில் வந்த இரண்டு பையன்களில் மோதாமல் தப்பப் பார்த்து விழுந்தார். சில நாள் நினைவில்லாமல் கிடந்து இறந்தார். அவரைப் பார்த்த வைத்தியர்களில் ஒருவர் ஹியூ கெய்ர்ன்ஸ் என்ற மூளை அறுவைச் சிகிச்சை நிபுணர். பிறகு யுத்த காலத்தில், இராணுவத்துக்குத் தபாலும் செய்தியும் கொண்டு ஓடிய மோட்டார் சைக்கிள்காரர்கள் தலையில் அடிபட்டுச் சாவதை அவர் ஆராய்ந்து 1941 இல் எழுதினார். அதன்பின் பிரித்தானிய இராணுவம் கடமையில் வண்டி ஓட்டுகிறவர்களுக்குத் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. அந்த நாட்டுப் பொதுமக்களுக்கு அது சட்டமானது 1973 இல்தான். ஆக அந்த நாட்டில் பொதுமக்களுக்குச் சட்டமாகும் முன்பே அது வேலை செய்கிறவனின் பாதுகாப்புப் பொருளாக இருந்தது. பொலிஸுக்குக் காட்டுகிற பொருளாக வரவில்லை.

பொலிஸ் நிற்காத பாதை

நம்மிடம் தலைக்கவசம் இல்லாமல் இல்லை. அது எங்கே இருக்கிறது என்பதுதான் பிரச்சினை. டவுன் சந்தி வரை முழங்கையில் தொங்குகிறது. சந்தியில் தலைக்கு ஏறுகிறது. தோட்டப் பாதையில் திரும்பியதும் மறுபடி கழன்று பெற்றோல் தாங்கியின் மேல் உட்கார்ந்து கொள்கிறது. "தோட்டத்துக்குள்ளே தானே, யார் பிடிக்கப் போகிறார்கள்?" என்கிறார்கள். கல் பெயர்ந்து கிடப்பதும், பாசி பிடித்துக் கிடப்பதும், வளைவில் எதிரே வருவது தெரியாமல் இருப்பதும் அந்தத் தோட்டப் பாதையில்தான்.

எங்கள் பாடசாலையில் பத்தாம் தரத்தில் படித்த ஒரு மாணவி தொடர்ந்து சில வாரம் வரவில்லை. ஆசிரியர்கள் நாங்கள் வீட்டுக்குப் போனோம். அவளுடைய அண்ணன் கட்டிலில் கிடந்தார். வயது இருபத்துமூன்று. கடைக்குப் போய் வரும்போது, வீட்டுக்கு அரை மைல் தூரத்தில், தோட்டப் பாதையில் சறுக்கி விழுந்திருக்கிறார். வேறு வண்டி எதுவும் மோதவில்லை. தலைக்கவசம் வீட்டுச் சுவரில் ஆணியில் இருந்தது. உயிர் இருக்கிறது. ஆனால் வலது கை வராது, பேச்சுக் குழறும், தானாகச் சாப்பிட முடியாது.

நம்முடைய நாட்டில் அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம். அது பெரிய காரியம். ஆனால் கண்டிக்குப் போய் வர வேன் கூலி இலவசம் இல்லை. கூட இருந்து பார்த்தவரின் நாட்சம்பளத்தை யாரும் தரவில்லை. தவணை கட்ட முடியாததால் லீசிங் கம்பனி வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டது. அம்மா மலைக்குப் போனால்தான் அடுப்பு எரியும். அப்படியென்றால் அண்ணனைப் பார்க்க வீட்டில் ஒருவர் இருக்க வேண்டும். அந்த ஒருவர்தான் எங்கள் மாணவி. சாதாரண தரப் பரீட்சைக்கு ஒரு வருஷம் இருக்கும்போது அவள் புத்தகத்தை மூடினாள்.

ஒருவர் விழுந்தால் ஒரு வீடே விழுகிறது. இதனால்தான் இது சங்கத்தின் காரியம்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

தலைக்கவசத்தின் வெளியே இருக்கும் கெட்டியான ஓட்டைத்தான் நாம் பார்க்கிறோம். உயிரைக் காப்பதில் பாதி வேலை உள்ளே இருக்கும் ரெஜிபோம் போன்ற தடித்த பொருளுடையது. அடிபடும்போது அது நசுங்கி, அந்த அடியைத் தான் வாங்கிக்கொள்கிறது. ஒருமுறை நசுங்கினால் மறுபடி எழும்பாது. அதனால் ஒரு விபத்தில் அடிபட்ட தலைக்கவசம் வெளியே பளபளப்பாக இருந்தாலும் அதன் வேலை முடிந்துவிட்டது. அதை அடுத்தவருக்கு விற்கவும் கூடாது, அடுத்தவரிடம் வாங்கவும் கூடாது.

கடையில் இவற்றைப் பாருங்கள். எஸ்.எல்.எஸ். 517 என்ற இலங்கைத் தர அடையாளம் இருக்கிறதா? உள்ளே விரலால் அழுத்தினால் அந்தத் தடித்த பொருள் இருக்கிறதா, அல்லது வெறும் பஞ்சும் துணியுமா? தலையில் போட்டு, பட்டியைப் பூட்டி, தலையை இரண்டு பக்கமும் ஆட்டுங்கள். தொப்பி தனியாகச் சுற்றக்கூடாது. பின்பக்கம் பிடித்து முன்னால் தள்ளிப் பாருங்கள். கழன்று வந்தால் விபத்திலும் கழன்று போகும். நாடிப் பட்டிக்கும் நாடிக்கும் இடையில் இரண்டு விரல் போகிற அளவு இடம் போதும். பட்டி பூட்டாத தலைக்கவசம், தலைக்கவசம் இல்லாததற்குச் சமம். நாடியையும் மூடுகிற முழுமுகத் தலைக்கவசம் கிடைத்தால் இன்னும் நல்லது. முகம் அடித்து விழுகிறவர்களுக்குப் பல்லும் தாடையும் மிஞ்சும்.

வீட்டில் பெற்றோல், தின்னர் போட்டுத் துடைக்காதீர்கள். உள்ளே இருப்பது கரைந்து கெட்டுப் போகும். சவர்க்காரத் தண்ணீர் போதும். முன் கண்ணாடி கீறல் விழுந்து மங்கிப் போனால் மாற்றுங்கள். மூடுபனியும் இருட்டும் சேரும் நேரத்தில், கீறிய கண்ணாடிக்கு எதிரே லைட் அடித்தால் ஒன்றும் தெரியாது.

விலை கூட என்கிறீர்கள். உண்மைதான். 2024 இல் சம்பள நிர்ணய சபை நிர்ணயித்த அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபா. அந்தக் கணக்கில் நல்ல தலைக்கவசம் ஒன்றுக்குப் பல நாள் உழைப்புப் போகும். இரண்டு வாங்கினால் இன்னும் கூட. ஆனால் வண்டி வாங்கும்போது முற்பணம், தவணை, காப்புறுதி, வருமான வரிப்பத்திரம் எல்லாவற்றையும் கணக்கில் சேர்க்கிறோம். அந்தப் பட்டியலில் இரண்டு தலைக்கவசத்தையும் சேர்த்து எழுதுங்கள். அவை வண்டியின் விலையில் ஒரு பங்கு. இரண்டு தலைக்கவசம் வாங்கக் காசு வரும் வரை அந்த வண்டி இன்னும் முழுதாக வாங்கி முடியவில்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள். கலர் லைட்டும் சத்தம் போடும் சைலன்சரும் அதற்குப் பிறகு வரட்டும்.

கை நமக்கு மூலதனம்

விழுகிற எந்த மனிதனும் முதலில் கையைத்தான் ஊன்றுவான். அது உடம்பின் இயல்பு. கொழுந்து எடுக்கிறவருக்கும், கவ்வாத்து வெட்டுகிறவருக்கும், தையல் மெஷினில் உட்கார்கிறவருக்கும் கைதான் சோறு. உள்ளங்கைத் தோல் கல் ரோட்டில் உரிந்துபோனால் அந்த மாதப் பெயர் எத்தனை என்று யோசியுங்கள். கெட்டியான கையுறை ஒரு சோடி, முழுக்கைச் சட்டை, அதன்மேல் தடித்த ஜாக்கெட், முட்டியை மூடும் தடித்த காற்சட்டை, கணுக்காலை மூடும் சப்பாத்து. படத்தில் வருகிற விலைகூடிய உடுப்பை நாங்கள் கேட்கவில்லை. பழைய டெனிம் ஜாக்கெட் மெல்லிய ரீ-சேர்ட்டை விட மேல். கட்டைச் சப்பாத்து இறப்பர்ச் செருப்பை விட மேல். குளிரிலே கை விறைத்தால் பிரேக் பிடிக்கவும் வராது என்பதால் மலைநாட்டில் கையுறைக்கு இரட்டைப் பயன் உண்டு.

மழைக் கோட்டு வாங்கும்போது கறுப்பும் கடும் நீலமும் வேண்டாம். மூடுபனியில் அது தெரியாது. மஞ்சள் நல்லது. கறுப்புத்தான் இருக்கிறது என்றால் முதுகிலும் கையிலும் வெளிச்சம் பட்டால் மினுங்கும் பட்டியை ஒட்டிக்கொள்ளுங்கள்.

பின்னால் இருப்பவர்

பாடசாலை வாசலில் காலையில் நிற்கிற எங்களுக்குத் தெரியும். அப்பா தலைக்கவசத்தோடு வருகிறார். பின்னால் அம்மா வெறும் தலையோடு. நடுவில் ஒரு பிள்ளை, முன்னால் தாங்கியின் மேல் இன்னொரு பிள்ளை. அடிபட்டால் தலைக்குத் தலை வித்தியாசம் உண்டா? ஓட்டுகிறவர் ஆபத்தை முன்னால் காண்கிறார், ஹேண்டிலையாவது பிடித்திருக்கிறார். பின்னால் இருப்பவருக்கு அதுவும் இல்லை. நம்முடைய நாட்டுச் சட்டமும் பின்னால் இருப்பவருக்குத் தலைக்கவசம் வேண்டும் என்றுதான் சொல்கிறது. பின்னால் ஏறலாம் என்று சொல்லியிருப்பதும் ஒருவருக்கு மட்டும்தான்.

அக்காமாரே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். "எனக்கு எங்கே?" என்று கேளுங்கள். தலைக்கவசம் தராத வண்டியில் ஏற மாட்டேன் என்று சொல்லுங்கள். கொண்டை இடிக்கிறது என்றால் கொண்டையைக் கீழே இறக்கிக் கட்டலாம். சாரி முந்தானை, சால்வை, தாவணி ஆகியவற்றை இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள். சில்லில் சுற்றினால் ஆளையே இழுத்துவிடும். பின்சில்லை மூடும் சாரிக் கார்ட்டைக் கழற்றிவிட்டு ஓட்டும் தம்பிமார், அதைத் திரும்பப் பூட்டுங்கள். பிள்ளைக்குப் பெரியவரின் தலைக்கவசத்தைக் கவிழ்த்துவிடுவதில் பயன் இல்லை, அது கழன்று போகும். பிள்ளையின் தலை அளவுக்கு வாங்க வேண்டும். பிள்ளையின் கால் மிதிபலகைக்கு எட்டும் வரை பின்னால் ஏற்றாமல் இருப்பதே நல்லது.

பதினாறு வயதுப் பையனிடம் சாவியைக் கொடுக்கும் பெற்றோரே, அனுமதிப்பத்திரம் எடுக்க 18 வயது ஆக வேண்டும். அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஓட்டி ஒருவரை இடித்துவிட்டால் வழக்கும் உங்கள் தலையில், நட்டஈடும் உங்கள் தலையில் வந்து விழலாம்.

இறக்கமும் மழையும்

உடுப்பு விழுந்த பிறகு காப்பாற்றும். விழாமல் இருப்பது அதைவிட நல்லது. நம்முடைய பாதைக்கு ஏற்ற நாலு விஷயம் மட்டும் சொல்கிறோம்.

ஒன்று, பெற்றோல் மிச்சம் பிடிக்க இறக்கத்தில் எஞ்சினை நிறுத்தி, நியூட்ரலில் உருட்டும் பழக்கத்தை விடுங்கள். கியரில் இறங்கினால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். நியூட்ரலில் முழுச் சுமையும் பிரேக்குக்குப் போய், சூடேறி, கடைசி வளைவில் பிடிக்காது. ஏறிய கியரிலேயே இறங்குவது என்பது பழைய லொறிச் சாரதிகள் சொல்லும் கணக்கு. ஸ்கூட்டிக்கு எஞ்சின் பிடிப்புக் குறைவு. நீண்ட இறக்கத்தில் இடையில் நிறுத்தி பிரேக்கை ஆறவிடுங்கள்.

இரண்டு, இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடிக்கப் பழகுங்கள். முன் பிரேக்தான் வண்டியை அதிகம் நிறுத்தும். ஆனால் கல் பாதையிலும் பாசியிலும் அதை மெதுவாக, வளைவுக்கு முன்பே பிடித்து முடித்துவிட வேண்டும்.

மூன்று, டயர். 2020 இலிருந்து பல வருஷம் வாகன இறக்குமதி நின்றிருந்ததால் பழைய வண்டிகளையே ஓட்டினோம். வண்டி பழையதாக இருக்கலாம், டயர் மொட்டையாக இருக்கக்கூடாது. மழைப் பாதையில் மொட்டை டயர் சவர்க்காரக் கட்டி.

நான்கு, குடித்துவிட்டு ஓட்டுவது. சம்பள நாளிலும் திருவிழா நாளிலும் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு நடந்து வாருங்கள்.

விழுந்துவிட்டால்

முதலில் 1990 க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். தோட்டத்தின் பெயரோடு டிவிசன் பெயர், பக்கத்துக் கோவில், தொழிற்சாலை, பிரதான வீதியிலிருந்து திரும்பும் இடம் எல்லாவற்றையும் சொல்லுங்கள். ஒருவரை டோர்ச் லைட்டோடு அந்தச் சந்திக்கு அனுப்புங்கள். அடிபட்டவரைத் தூக்கி முச்சக்கரவண்டியில் மடித்துத் திணிக்காதீர்கள். கழுத்தோ முதுகோ உடைந்திருந்தால் அதுவே அவரைப் படுக்கையில் போட்டுவிடும். மூச்சு விடுகிறார் என்றால் தலைக்கவசத்தை இழுத்துக் கழற்றாதீர்கள். தண்ணீரோ வேறு எதுவுமோ வாயில் ஊற்றாதீர்கள். இரத்தம் ஓடும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள்.

அடுத்தது சங்கக் காரியம். மூன்றாம் தரப்புக் காப்புறுதி அடுத்தவருக்கு நாம் செய்த சேதத்துக்குத்தான். ஓட்டியவரின் சொந்தக் காயத்துக்கு அதில் ஒன்றும் கிடைக்காது. ஆனால் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் ஒன்று நம்மிடம் இருக்கிறது, 1934 இன் 19 ஆம் இலக்கம். 2022 இல் செய்த திருத்தத்தால், வேலைக்குப் போகும்போதும் வேலையிலிருந்து வீடு திரும்பும்போதும் நேரும் விபத்துக்கும் அது பொருந்தும். டவுனில் வேலை செய்யும் நம்முடைய பிள்ளைகளில் பலருக்கு இது தெரியாது. விபத்து நடந்த நேரம், இடம், பார்த்தவர்கள் பெயர், பொலிஸ் முறைப்பாட்டு இலக்கம், வைத்தியசாலைத் துண்டு, அன்றைய வேலை வரவு ஆகிய அனைத்தையும் சேர்த்து வைத்து, தாமதிக்காமல் சங்கக் காரியாலயத்துக்கு வாருங்கள். தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளரிடம் கோரிக்கை வைப்பதற்கு அந்தத் துண்டுகள்தான் பேசும்.

கமிட்டிக்கு மூன்று வேலை

இந்த வகுப்பிலிருந்து போகிற ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் மூன்று காரியத்தைக் கையில் எடுக்க வேண்டும் என்று கேட்கிறோம்.

முதலாவது, நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள். தோட்ட வேலைக்காக மோட்டார் சைக்கிளில் அனுப்பப்படும் எவருக்கும், அவர் காவல்காரரானாலும் வெளிக்கள உத்தியோகத்தரானாலும், தலைக்கவசமும் கையுறையும் மழைக் கோட்டும் நிர்வாகம் தர வேண்டும். மருந்து அடிக்கிறவருக்கு உடுப்புக் கேட்ட அதே நியாயம்தான் இதுவும். கூடவே, எந்த வளைவில் கண்ணாடி வேண்டும், எந்த மதகு உடைந்திருக்கிறது, எந்த இடத்தில் கல் பெயர்ந்திருக்கிறது என்று டிவிசன் வாரியாக எழுதிக் கொடுங்கள். பிரதேச சபைக்கு உரிய பாதை என்றால் பிரதி ஒன்றை அங்கேயும் கொடுங்கள்.

இரண்டாவது, தலைக்கவசத்தைச் சேர்ந்து வாங்குங்கள். இருபது முப்பது பேர் சேர்ந்து கடைக்காரரிடம் போனால் விலையும் குறையும், தரமும் கேட்டு வாங்கலாம். தீபாவளி முற்பணம் வரும் மாதத்தில் பெயர்ப் பட்டியலை எடுங்கள். புதுத்துணிக்கு முன்னால் பின்சீட்டுத் தலைக்கவசம்.

மூன்றாவது, பாடசாலை வாசல். ஆசிரியர்கள் நாங்கள் உள்ளே பிள்ளைகளிடம் பேசுகிறோம். வெளியே மாதர் அணிச் சகோதரிகள் வாரத்தில் ஒருநாள் காலையில் வந்து நில்லுங்கள். யாரையும் ஏச வேண்டாம். "தம்பி, பிள்ளைக்கு எங்கே?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். நம்முடைய ஆட்கள் பொலிஸுக்குப் பயப்படாவிட்டாலும் சித்திமாரின் கேள்விக்கு வெட்கப்படுவார்கள்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது, உங்கள் டிவிசனில் எத்தனை மோட்டார் சைக்கிள், எத்தனை தலைக்கவசம் என்ற இரண்டு எண்ணிக்கையை எழுதிக்கொண்டு வாருங்கள். ஒரு வண்டிக்கு இரண்டு என்ற கணக்கு எங்கே குறைகிறது என்று பார்த்து, அங்கிருந்து வேலையைத் தொடங்குவோம்.

பத்திரமாக வீடு போய்ச் சேருங்கள். பட்டியைப் பூட்டிக்கொண்டு.